மூளைக் காயமும் பொது மேசையும்

தலையில் அடிபட்டோர்க்குப் புண் ஆறுதல் வேறு. வாழ்வு திரும்புதல் வேறு. மூளை காயமுறின் கை தளர்வதோடு கவனமும் நினைவும் பொறுமையும் குன்றுதலுண்டு. பிறர் சொல் முடியுமுன் குறுக்கிடுதல், தம் முறைக்குக் காத்திராமை முதலியன சிலரிடம் தோன்றும். காரணமறியாத உற்றார், 'குணம் மாறிவிட்டது' என்று விலகுவர். இக்குறைகள் பலரோடு பழகுமிடத்தே வெளிப்படுவன. ஆதலின், அவற்றைத் தீர்க்கும் பயிற்சியும் பலரோடு கூடியே நிகழ்தல் வேண்டும்.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தால் கால்கள் செயலற்றும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் புரிந்தார். பின்னர் அமெரிக்காவிற் பயின்று மீண்டு, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுத் துறையை வளர்த்தார். 1966-இல் அங்குத் தோன்றிய நிலையத்தில், தண்டுவடக் காயமுற்றோரும் மூளைக் காயமுற்றோரும் உடனுறைந்து பயில்கின்றனர்.

கூடிப் பயிலுதற்குரிய கருவியொன்றை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஜொனாதன் டக்வொர்த் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கினர். 2015-இல் அவர்கள் விளக்கிய அக்கருவி, மேசைபோற் கிடத்திய திரையாகும். அதனை இருவர் முதல் நால்வர் வரை எதிரெதிரே சூழ்ந்து, கையடக்கப் பொருள்களைத் திரைமீது நகர்த்துவர். சில ஆட்டங்கள் போட்டியாகவும், சில கூட்டுமுயற்சியாகவும் அமைந்துள்ளன.

தனித்திரையினும் இதன் சிறப்பென்னை? எதிரிருப்பவர் கையைக் கண்டு தம் கையை நீட்டலாம்; அவர் முகங்கண்டு காத்திருக்கப் பழகலாம். இத்தகைய கருவியை அமைப்போர், தளர்ந்த விரலும் பற்றத்தக்க பொருள்களைச் செய்தல் வேண்டும். காயமுற்ற மூளை விரைவிற் களைப்பதாதலின், ஒளியையும் ஒலியையும் அளவோடு வைத்தல் வேண்டும். ஒருவரே முடித்தற்கியலாத, ஆயினும் எளியோர் பங்கும் இன்றியமையாத பணியை வகுத்தல் வேண்டும்.

திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் வாழும் எமக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். பனியன் கம்பெனியிற் கட்டிங், பவர் டேபிள், செக்கிங் எனத் துணி கைமாறிக் கைமாறியே ஆடையாகின்றது. சாலை விபத்திற் காயமுற்று மீளும் தொழிலாளிக்கு விரல்வலி மட்டும் போதாது. ஒருபுறம் வாங்கி மறுபுறம் கொடுக்கும் இசைவும் வேண்டும். முன்துண்டு, பின்துண்டு, கை ஆகியவற்றை நால்வர் கூடித் திரையிற் பொருத்தும் ஆட்டமொன்று இவ்வூர்க்கு ஏற்றதாகும் என்பது எம் கருத்து.

நால்வர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனைச் சுவிசேஷத்திற் காண்கின்றோம். இம்மேசையிலோ நால்வரும் நோயாளர், நால்வரும் சுமப்போர். அத்தகைய இடத்தை அமைத்துக் கொடுத்தல் நலமுடைய நம் கடனாகும்.