மஞ்சள் மூட்டையும் மடிக்கணினியும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும், நாமகிரிப்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அநேக வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடுகிறது. வாதி, கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளை. பிரதிவாதி, தகப்பனார். வழக்குக்குரிய பொருள், 'கேமிங் லாப்டாப்' என்று கடைக்காரர்கள் பெயரிட்டு விற்கும் ஒருவகை மடிக்கணினி. தாயாரோ, "படிக்கப் போகிறவனுக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் வழக்கைத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறார். தகப்பனார் விலையைக் கேட்டுவிட்டு மௌனம் சாதிக்கிறார். கடைசியில், "எதற்கும் வாத்தியாரைக் கேட்டுப் பார்ப்போம்" என்று இரு கட்சியாரும் நம்மிடம் வந்து சேருகிறார்கள்.

தீர்ப்புச் சொல்வது எளிதன்று. அறுபதினாயிரம், எழுபதினாயிரம் ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு விளையாட்டுப் பணம் அல்லவே! ஒரு பருவத்து மஞ்சளில் மிஞ்சியதாகவோ, மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்ததாகவோ, தாயாரின் வளையலை வங்கியில் வைத்துப் பெற்றதாகவோ அது இருக்கும். தவறான பொருளை வாங்கிவிட்டால், நான்காண்டுப் படிப்பு முடியும் வரை அதையே கட்டிக்கொண்டு அழவேண்டும். ஆதலால், இவ்விஷயத்தில் நம்மிடம் வருவோருக்கு நாம் சொல்லிவரும் யோசனைகளைச் சற்று விரிவாக நேயர்களுக்கும் கூறிவைப்பது பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலாவது, இத்தகைய இயந்திரம் வேண்டுமா என்பதே கேள்வி. தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினிகளை வழங்கிவந்தது. இடையில் நின்றிருந்த அத்தகைய உதவி, கல்லூரி மாணவர்களுக்கென 2026 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. கட்டுரை எழுதவும், கணக்குப் போடவும், புரோகிராம் எழுதிப் பழகவும் அவை போதுமானவை. கேமிங் இயந்திரத்துக்கும் அவற்றுக்கும் உள்ள பெரிய பேதம் ஒன்றுதான். அதுவே தனி கிராபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் காட்சியை நொடிக்கு அறுபது முறை, நூறு முறை புதிது புதிதாக வரைந்து காட்டுவதற்கென்றே அமைந்த தனி மூளை என்று அதைச் சொல்லலாம். இயந்திரங்களையும் கட்டடங்களையும் முப்பரிமாணமாக வரைந்து பயில்வோர், அசைபடக் கலை கற்போர், செயற்கை நுண்ணறிவுத் துறையில் இறங்குவோர் ஆகியவர்களுக்கு இந்த மூளை படிப்பிலேயே உதவும். மற்றவர்களுக்கு அது விளையாட்டுக்கு மட்டுமே.

விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் கட்சியைச் சேர்ந்தவரல்ல நாம். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் வேறு. அவற்றை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அந்த வினைக்குக் கைபேசியே போதும், கேமிங் மடிக்கணினி தேவையில்லை. இங்கே நாம் பேசுவது கதையும் காட்சியும் சாமர்த்தியமும் கலந்த விளையாட்டுகளைப் பற்றியே.

ஆகவே பிள்ளையிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, அவன் ஆட விரும்பும் ஐந்து விளையாட்டுகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு விளையாட்டும் விற்கப்படும் இணையப் பக்கத்தில், அதற்குக் குறைந்தபட்சம் என்ன இயந்திரம் வேண்டும், நன்றாக ஓட என்ன வேண்டும் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். 2020-இல் வெளியான வேலோரன்ட் என்னும் போட்டி விளையாட்டு, தனி கார்டே இல்லாத பழைய இயந்திரத்திலும் ஓடும்படி அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டோ நல்ல கார்டையும் திணறவைக்கும். புனே நகரத்தார் நம் புராணங்களைத் தழுவிச் செய்த 'ராஜி' என்பது சாதாரண கார்டிலேயே சுகமாக ஓடும். பையன் எழுதியவை முதல்வகையைச் சேர்ந்தவையானால், பெரிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது கடைக்குப் போகுமுன்பே தெரிந்துவிடும்.

இனி, கடையில் பார்க்கவேண்டியவை.

மஞ்சள் பயிரிடும் குடியானவர் ஒருவர், மகனுடன் சேலம் சென்று நான்கு கடைகள் ஏறி இறங்கிவிட்டு ஒரு நாள் நம்மிடம் வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, எல்லாப் பெட்டியிலயும் ஒரே கார்டுப் பேருதானுங்க போட்டிருக்குது. ஒருத்தன் அறுபத்தஞ்சாயிரங்கறான், ஒருத்தன் எழுபத்தஞ்சாயிரங்கறான். எதுக்குங்க இந்த வித்தியாசம்?" என்றார்.

"உங்கள் மஞ்சளுக்கு வியாபாரி எப்படி விலை வைக்கிறார்?" என்று கேட்டோம்.

"விரலியை எடுத்து உடைச்சுப் பாப்பாருங்க."

"இதையும் அப்படியே உடைத்துத்தான் பார்க்கவேண்டும்" என்றோம்.

அவர் பதறிப்போய், "அய்யோ, அத்தனை காசு குடுத்து வாங்கறதை உடைக்கறதுங்களா?" என்றார். கையால் அன்று, கண்ணால் உடைத்துப் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தை அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வந்தது விளங்கும். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்துக் குவித்திருந்தாலும், வியாபாரி மூட்டையின் மேல் எழுதியதை நம்பி விலை கூறுவதில்லை. கையை விட்டு எடுத்து, ஒடித்து, உள்நிறத்தையும் ஈரத்தையும் பார்த்த பிறகே வாய் திறக்கிறார். மடிக்கணினி வாங்குகையில் மட்டும் நாம் மூட்டைப் பெயரைக் கண்டு மயங்கிவிடுகிறோம்.

உதாரணமாக, என்விடியா நிறுவனத்தாரின் ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினியில் அது 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் மின்சாரம் பெறும்படி அமைக்கப்படலாம் என்று அந்நிறுவனத்தாரே வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே குதிரைத்திறன் உள்ள மோட்டாருக்கு ஒருவர் இரண்டு அங்குலக் குழாயும் மற்றொருவர் அரை அங்குலக் குழாயும் பொருத்தினால் இரண்டு வயலிலும் ஒரே அளவு தண்ணீரா பாயும்? மெல்லிய அழகான உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைபட்ட கார்டை, சற்றே தடித்த இயந்திரத்தில் முழு வாட்டில் ஓடும் கீழ்ப்படிக் கார்டே சில சமயம் எட்டிப் பிடித்துவிடுவதுண்டு. ஆகையால், "எந்தக் கார்டு?" என்பதோடு நில்லாமல், "எத்தனை வாட்?" என்றும் கேட்கவேண்டும். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் 'டி.ஜி.பி.' என்ற மூன்றெழுத்தின் எதிரே அந்த எண் இருக்கும்.

கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் சார்ஜரை வாங்கிப் பாருங்கள். அதன் மேல் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 20 வோல்ட், 7.5 ஆம்பியர் என்றால் 150 வாட். கார்டு, பிராசஸர், திரை யாவும் அதிலிருந்தே உண்ணவேண்டும். 120 வாட் சார்ஜர் கொண்ட இயந்திரத்தில் 115 வாட் கார்டு வயிறார உண்ணும் என்று நம்புவதற்கில்லை.

அடுத்தது, கார்டுக்கே உரிய சொந்த நினைவகம். ஆர்.டி.எக்ஸ். 2050-இல் அது 4 ஜி.பி.; 3050-இல் 4 அல்லது 6; 4050-இல் 6; 4060, 5050, 5060 ஆகியவற்றில் 8. இதைப் பின்னால் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. புதிய விளையாட்டுகள் பலவற்றுக்கு 4 ஜி.பி. பற்றாது. நான்காண்டு வைத்திருக்க எண்ணுவோர் 6 ஜி.பி.க்குக் கீழே இறங்காதிருப்பது நலம். 8 கிடைத்தால் மெத்த நல்லது.

பிராசஸர் விஷயத்திலும் மூட்டைப் பெயர் ஏமாற்றக்கூடும். எண்ணின் இறுதியில் 'யு' என்ற எழுத்து இருந்தால் சிக்கனமாக ஓடுவது, 'எச்', 'எச்.எஸ்.', 'எச்.எக்ஸ்.' என்றிருந்தால் வலுவாக ஓடுவது. ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைக் கவனிக்கவேண்டும். 7520-இல் உள்ள 2, 2019-இல் அறிமுகமான அமைப்பைக் குறிக்கிறது. 7640-இல் உள்ள 4, அதற்கு இரண்டு தலைமுறை பிந்தியது. பழைய நெல்லைப் புதுச் சாக்கில் கட்டுவது என்பது இதுதான்! மேலும், பணம் அளவாக இருக்கையில், ஐ5-க்குப் பதில் ஐ7 வேண்டுமென்று பிடிவாதம் பிடித்து, அதற்காகக் கார்டில் ஒரு படி இறங்குவது உசிதமன்று. கல்யாணத்தில் பந்தலுக்கே பணத்தைக் கொட்டிவிட்டுச் சாப்பாட்டில் கை சுருக்குவது போன்றது அது.

இவற்றிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு இப்போதே பணம் கொடு. பின்னால் சேர்க்கக்கூடியவற்றில் இப்போது சிக்கனம் பிடி. கார்டு, பிராசஸர், வெப்பம் வெளியேறும் அமைப்பு, திரை ஆகியவை முதல்வகை. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இரண்டாம் வகை. ஆயினும் ரேம் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் குவித்ததால் 2025-இன் இறுதியில் அவற்றின் விலை மிகவும் ஏறிவிட்டது. 8 ஜி.பி.யோடு வாங்கிப் பிறகு இன்னொரு 8 சேர்ப்பதா, 16 உள்ளதையே வாங்குவதா என்பதை, வாங்கும் வாரத்து விலையை விசாரித்துக் கணக்கிட்டே முடிவு செய்யவேண்டும். 16-க்குக் குறைவாக விளையாட்டு சுகப்படாது. ரேம் பலகையோடு ஒட்டவைக்கப்படாமல், காலி இடம் ஒன்று உள்ளதா என்பதையும், ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு துண்டுகளாகப் போட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இரண்டாக இருந்தால் வேகம் கூடும். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருக்கட்டும், சில விளையாட்டுகள் தனியொன்றே 100 ஜி.பி.க்கு மேல் இடம் பிடித்துக்கொள்கின்றன.

திரையைச் சோதிக்க நம் ஊர்ச் சரக்கே போதும். நல்ல மஞ்சள் கிழங்கின் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். விவரப் பட்டியலில் '45 சதவிகித என்.டி.எஸ்.சி.' என்று போட்டிருக்கும் மலிவுத் திரைகளில் அது சோகை பிடித்தாற்போல வெளிறித் தெரியும். '100 சதவிகித எஸ்.ஆர்.ஜி.பி.' என்றிருந்தால் நிறம் நிறமாகவே தெரியும். நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை இப்போது சாதாரணமாகவே கிடைக்கிறது. அதற்கென அதிகம் கொடுக்கவேண்டாம்.

நம் சேலம், நாமக்கல் பிரதேசத்துக் கோடை வெப்பத்தையும் மறத்தலாகாது. சூடு வரம்பு மீறினால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுத் துவாரங்கள் அகலமாக உள்ளனவா என்று பின்புறத்தையும் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து ஆடுவதைப் பையன் விட்டுவிடவேண்டும். மின்சாரம் நின்றால் பாட்டரி காப்பாற்றும் என்ற ஆசையும் வேண்டாம். 50 வாட்-மணி கொள்ளும் பாட்டரியிலிருந்து 100 வாட் இழுத்தால் அரை மணியில் தீர்ந்துவிடும். அந்த அரை மணியிலும் முழு வேகம் இராது. கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோகும் அவசியம் இல்லாத பிள்ளைக்கு, அதே பணத்தில் மேஜைக் கணினி வாங்கித் தந்தால் அதிக வலிமையும் கிடைக்கும், பழுது பார்ப்பதும் சுலபம்.

வாங்கும்போது பில் கட்டாயம். பெட்டியைக் கடையிலேயே திறந்து, திரையில் கறுப்புப் புள்ளி உண்டா, விசைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தபாலில் வந்தால் திறப்பதைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். அந்தக் கம்பெனியின் பழுது பார்க்கும் நிலையம் சேலத்திலாவது உண்டா என்று முன்னதாகவே விசாரியுங்கள். சென்னைக்கு அனுப்பி மூன்று வாரம் காத்திருக்கும் பிள்ளைக்குத் தேர்வு காத்திராது. 'வட்டியில்லாத் தவணை' என்று அழைத்தால், ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேட்டு, தவணைகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு மாடல் தள்ளுபடியில் கிடைத்தால், மேலே சொன்ன சோதனைகளில் தேறும் பட்சத்தில் தயங்காமல் வாங்கலாம். குறையுள்ள சரக்கைக் கட்டிவிட்டுக் கைவிரித்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

இத்தனையும் படித்துவிட்டு, "ஒரு பெட்டி வாங்க இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். மஞ்சள் மண்ணுக்குள் எட்டு ஒன்பது மாதம் கிடந்து, வெந்து, உலர்ந்து, பின்னரே காசாகிறது. மாதச் சம்பளக்காரரின் சேமிப்போ அதைவிட மெதுவாகவே வளர்கிறது. அவ்விதம் வந்த பணத்தைச் செலவிடுமுன் தகப்பனாரும் பிள்ளையும் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்து, பட்டியல் போட்டு, கணக்குப் பார்த்து வாதாடட்டுமே! பொருளும் நல்லதாக வந்து சேரும். பணத்தின் அருமை அறிந்த பிள்ளையும் வீட்டுக்குக் கிடைப்பான். இரண்டாவது லாபம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று.