இரவல் பச்சையும் சொந்தப் பச்சையும்

பச்சையாக இருப்பதெல்லாம் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தை அசைத்துப் பார்க்கும் இரு சிற்றுயிர்களைச் சற்றே கவனியுங்கள். ஒன்று கடலோர நத்தை. மற்றொன்று மரத்தில் வாழும் பூஞ்சை.

நத்தையின் பெயர் எலைசியா குளோரோடிகா. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர உவர்ச் சதுப்புகளில் வாழ்வது. இதற்கு ஓடு கிடையாது. (கடலட்டை வேறு, இது வேறு.) இளமையில் இதன் நிறம் பழுப்பு. வாச்சேரியா என்னும் நூலிழை போன்ற பாசியைத் துளைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சிக் குடிக்கிறது. வியப்பு இனிமேல்தான்! மற்ற யாவற்றையும் செரித்துவிட்டு, ஒளிச்சேர்க்கை நிகழும் பசுங்கணிகங்களை மட்டும் தன் குடலின் உயிரணுக்களில் பத்திரப்படுத்துகிறது. உடல் இலைபோல் விரிந்து பசுமை பூக்கிறது. அதன்பின், ஒளி கிடைத்தால் போதும். மாதக்கணக்கில் உணவின்றியே ஆய்வகத் தொட்டிகளில் உயிர் வாழ்ந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். பாசியை விட்டுப் பிரிந்த பசுங்கணிகம் பழுதடைந்தால் சீர்செய்வது யார்? அதற்குத் தேவையான மரபணுக்களுட் பல பாசியின் உட்கருவில் அல்லவா இருக்கின்றன! பாசியின் மரபணு ஒன்று நத்தைக்குள்ளேயே குடியேறிவிட்டதாக 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தபோது பலரும் வியந்தனர். ஆனால் 2013இல் நத்தையின் முட்டைகளை ஆராய்ந்தபோது அதற்குச் சான்று கிட்டவில்லை. இதன் உறவினங்கள் சில இருட்டிலும் நீண்ட நாள் பட்டினி தாங்கியது வேறு தெரியவந்தது. ஆகவே இரவல் பச்சை எவ்வளவு சோறு போடுகிறது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. ஒன்று மட்டும் உறுதி: பச்சை பரம்பரைச் சொத்தன்று. ஒவ்வொரு குஞ்சும் புதிதாகப் பாசியைத் தேடித்தான் ஆகவேண்டும்.

பூஞ்சையின் கதை இதற்கு நேர்மாறானது. குளோரோசிபோரியா எனப்படும் இது, ஓக் முதலான மரங்களின் மட்கிய கிளைகளில் வளர்வது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அதன் நீலப்பச்சைக் கிண்ணங்கள் எளிதில் கண்ணில் படா. பச்சையேறிய மரத்துண்டுதான் அதனைக் காட்டிக்கொடுக்கும். இந்நிறத்தைத் தருவது சைலிண்டீன் என்னும் நிறமி. அதனைப் பூஞ்சை தானே ஆக்கிக்கொள்கிறது. ஆயினும் ஒளியிலிருந்து ஒரு கவளம்கூட அதற்குக் கிட்டுவதில்லை. உணவு முழுவதும் மரத்திலிருந்தே.

பூஞ்சைக்கு ஒளியிலிருந்து உணவு தராத அந்தப் பச்சை கைவினைஞருக்குப் பயன்பட்டது. வண்ண மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் அமைத்த 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர்கள், பச்சை வேண்டிய இடங்களில் இம்மரத்தையே வெட்டிப் பதித்தனர். குப்பியோ அரண்மனைக்காகச் செய்யப்பட்ட அத்தகைய அறை ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 500 ஆண்டுகள் கடந்தும் அதில் அந்தப் பச்சையைக் காணலாம்.