கர்ப்பிணி சீட்டில் டாக்டர் எழுதுவது என்ன? பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது?

விழுப்புரம்:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப் முடிந்து வெளியே வரும் கர்ப்பிணிகள் பலர், சீட்டை மெடிக்கல் கடையில் நீட்டி "அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். அதில் அடிக்கடி வரும் வார்த்தைகளுக்கு விளக்கம் வருமாறு:-

'பிரைமி' என்றால் முதல் பிரசவம். அடுத்த முறை உண்டானவர்களுக்கு 'ஜி3 பி1 எல்1 ஏ1' என்று எழுதுவார்கள். இப்போது மூன்றாவது கர்ப்பம், ஏற்கனவே ஒரு பிரசவம், உயிரோடு ஒரு பிள்ளை, ஒரு தடவை கரு கலைந்தது என்று அர்த்தம். இந்த 'ஏ' எழுத்தால்தான் சில வீடுகளில் சண்டை. 'அபார்ஷன்' என்று யாராவது படித்துச் சொல்ல, "எங்களுக்கு தெரியாம கலைச்சியா?" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார். தானாக கலைந்தாலும் டாக்டர்கள் அதே எழுத்தைத்தான் போடுவார்கள். மருமகளை குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

'இ.டி.டி.' என்பது பிரசவ தேதி. கடைசியாக மாதவிலக்கு ஆன முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. இது தோராய கணக்குதான். 37 வாரம் முடிந்து எப்போது பிறந்தாலும் அது குறைப்பிரசவம் இல்லை.

'எச்.பி.' 11-க்கு கீழே போனால் ரத்தசோகை. 7-க்கு கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கருப்பாக போகும். அதற்கு பயந்து மாத்திரையை தூக்கி போட வேண்டாம். டீ, காபியோடு சேர்த்து போடாமல் இருந்தால் போதும்.

'பி.ஐ.எச்.', 'பிரீ எக்லாம்சியா' என்று எழுதியிருந்தால் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. 20 வாரத்துக்கு மேல் பி.பி. 140/90-ஐ தொட்டால் முதல் வார்த்தை. அதோடு யூரினில் புரோட்டீனும் போனால் இரண்டாவது. "மாசமா இருந்தா கால் வீங்கத்தானே செய்யும்" என்று பல பேர் சும்மா இருந்துவிடுகிறார்கள். தலை வெடிப்பது போல வலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-க்கு போன் செய்ய வேண்டும். விட்டால் வலிப்பு வரும். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. பேய் பிடித்திருக்கு என்று வேப்பிலை அடித்தால் போன நேரம் திரும்ப வராது. குழந்தை பிறந்த பிறகும் இந்த வலிப்பு வரலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

அதனால்தான் 'ரெபர்' என்று எழுதி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். தட்டிக்கழிப்பதாக நினைத்து வீட்டுக்கு திரும்பி போகக்கூடாது.

'பிரீச்' என்றால் குழந்தையின் தலை மேலே இருக்கிறது. 'எல்.எஸ்.சி.எஸ்.' என்றால் சிசேரியன். 'மெக்கோனியம்' என்றால் குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தால், அந்த நிறத்தை நர்சிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிறந்த 1-வது, 5-வது நிமிடத்தில் போடும் 'அப்கார்' மார்க் பத்துக்கு. 7-ம் அதற்கு மேலும் நல்லது. அது பிள்ளை படிக்குமா என்று சொல்லும் மார்க் இல்லை! எடை 2½ கிலோவுக்கு குறைந்தால் 'எல்.பி.டபிள்யூ.' என்பார்கள்.

'போட்டோதெரபி' என்பது மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் படுக்க வைப்பது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினாலோ, காலை வெயிலில் காட்டிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிப் போக வேண்டும்.