சிக்கிக்கொண்ட திருகாணிகளைக் கழற்றுதல்

சிக்கிக்கொண்ட திருகாணி என்பது, திருப்புளியால் இயல்பான விசையுடன் திருப்பியும் கழலாத திருகாணியைக் குறிக்கும். பேச்சு வழக்கில் திருகாணி ஸ்க்ரூ எனப்படுகிறது. தலையில் உள்ள பள்ளம் தேய்ந்து திருப்புளி வழுக்குவது ஒரு சிக்கல். மரைகள் துருவாலோ பசையாலோ இறுகிப்போவது மற்றொரு சிக்கல். பல நேரங்களில் முதலாவது இரண்டாவதன் விளைவாகவே ஏற்படுகிறது. இறுகிய காரணத்தை அறியாமல் மீண்டும் மீண்டும் திருப்புவதால் தலை தேய்ந்துவிடுகிறது. திருகாணியின் விலை மிகக் குறைவு. அது பொருத்தப்பட்டுள்ள எஞ்சின் மூடி, கதவு, மின்கருவி ஆகியவற்றின் விலை அதிகம். எனவே, சுற்றியுள்ள பொருளுக்குச் சேதம் நேராத முறையைத் தேர்வதே இவ்வேலையில் முதன்மையானது.

தலை தேய்வதற்கான காரணம்

கூட்டல் குறி வடிவப் பள்ளம் கொண்ட திருகாணிகளில் பிலிப்ஸ் வகை பரவலானது. அமெரிக்கரான ஹென்றி எஃப். பிலிப்ஸ் 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இப்பள்ளத்தின் சுவர்கள் சாய்வானவை. திருப்பும் விசை கூடும்போது திருப்புளியின் முனை மேல்நோக்கித் தள்ளப்பட்டு, பள்ளத்தின் விளிம்புகளைச் சீவிவிடுகிறது. பள்ளத்தைவிடச் சிறிய முனையையோ தேய்ந்த முனையையோ பயன்படுத்தினால் இது விரைவில் நிகழும். பல ஜப்பானிய இருசக்கர வாகனங்களில் உள்ள திருகாணிகள் ஜேஐஎஸ் என்னும் வேறு தரத்தைச் சேர்ந்தவை. தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், பிலிப்ஸ் முனை அவற்றில் முழுமையாகப் பொருந்துவதில்லை.

முதலில் செய்ய வேண்டியவை

1. திசையை உறுதிசெய்தல்: பெரும்பாலான திருகாணிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். மிதிவண்டியின் இடப்பக்க மிதி, பல மேசை விசிறிகளின் இறக்கையைப் பிடிக்கும் மூடி ஆகியவை இடப்புரி மரை கொண்டவை. அவை எதிர்மாறாகக் கழலும்.
2. பள்ளத்தில் உள்ள வண்ணப்பூச்சு, மண், துரு ஆகியவற்றை ஊசியால் சுரண்டி எடுத்தல்.
3. பள்ளத்தின் அடிவரை இறங்கி, ஆட்டமின்றி நிற்கும் முனையைத் தேர்தல்.
4. திருப்புளியை நேராக நிறுத்தி, உடல் எடையைக் கொடுத்து அழுத்தியபடி மெதுவாகத் திருப்புதல். திருப்பும் விசையைவிட அழுத்தும் விசை கூடுதலாக இருக்க வேண்டும்.

முனை ஒருமுறை வழுக்கினாலும் உடனே நிறுத்திவிட்டு முறையை மாற்ற வேண்டும்.

பொருளுக்கு ஏற்ற முறைகள்

மரம்: மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, திருகாணியை இறுக்கிப் பிடிக்கும். மரத்தில் எண்ணெய் விட்டால் கறை படியும். பின்னர் பசையும் வண்ணமும் ஒட்டா. அதற்குப் பதிலாக, சூடான பற்றாசுக் கோலைத் திருகாணியின் தலைமீது சிறிது நேரம் வைக்கலாம். சூட்டில் விரியும் திருகாணி சுற்றியுள்ள நார்களை அழுத்தும். ஆறியதும் பிடி தளரும். பித்தளைத் திருகாணிகள் மென்மையானவை, எளிதில் முறியக்கூடியவை என்பதால் கூடுதல் கவனம் தேவை.

இரும்பும் எஃகும்: துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகளுக்கிடையே ஆப்புபோல் இறுகுகிறது. மரைகளுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சில மணி நேரமோ ஓர் இரவோ காத்திருக்க வேண்டும். இடையிடையே சுத்தியலால் தலைமீது இலேசாகத் தட்டினால் துருப்படலம் விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு, முதலில் சற்றே இறுக்கி, அதன்பின் கழற்ற முயலலாம். மரைப் பசையின் வலிமை மிக்க வகைகள் இடப்பட்டிருந்தால் எண்ணெயால் பயனில்லை. ஏறத்தாழ 250 பாகை செல்சியசு வரை சூடாக்கினால்தான் அவை இளகும்.

அலுமினியம்: அலுமினியத்தில் எஃகுத் திருகாணி இருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்படும். இதனால் கடலோரப் பகுதிகளில் இச்சிக்கல் மிகுதி. சூடாகும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், திருகாணியைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்குவது பலன் தரும். அலுமினியம் நிறம் மாறாமலேயே உருகும் நிலையை எட்டிவிடும். எனவே நேரடிச் சுடரைவிட வெப்பக்காற்றுக் கருவி ஏற்றது.

பிளாஸ்டிக்: சூடும் எண்ணெயும் இங்கே ஆகா. சூட்டில் பிளாஸ்டிக் இளகும். சில எண்ணெய்களால் பாலிகார்பனேட் போன்றவை விரிசல் விடும். கையால் மெதுவாகத் திருப்புவதே பாதுகாப்பானது. மீண்டும் பூட்டும்போது, திருகாணியை முதலில் எதிர்த்திசையில் சுற்றி, பழைய மரையில் அது இறங்கி அமர்வதை உணர்ந்த பின் இறுக்க வேண்டும்.

சுவர்: திருகாணியுடன் சேர்ந்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் சுற்றினால் திருகாணி வெளியே வராது. தலையைக் குறடால் பிடித்து வெளிப்புறம் இழுத்தபடி திருப்ப வேண்டும்.

தலை தேய்ந்த பின்

இலேசாகத் தேய்ந்திருந்தால், பள்ளத்தின்மீது அகலமான ரப்பர் பட்டையை வைத்து அதன்மேல் திருப்புளியை அழுத்தித் திருப்பலாம். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டுக் குறடால் பிடித்துத் திருப்பலாம். அல்லது ரம்பத்தால் புதிய நேர்ப்பள்ளம் வெட்டித் தட்டைத் திருப்புளியைப் பயன்படுத்தலாம்.

இவை பலிக்காவிடில், திருகாணியின் நடுவே துளையிட்டு எக்ஸ்ட்ராக்டர் என்னும் இடப்புரிக் கருவியைச் செலுத்த வேண்டும். எதிர்த்திசையில் திருப்பத் திருப்ப அது திருகாணியைக் கவ்வி வெளியே கொண்டுவரும். இக்கருவி மிகக் கடினமானது. ஆனால் எளிதில் நொறுங்கும். உள்ளேயே முறிந்துவிட்டால் சாதாரண துளையிடும் ஊசியால் அதைக் குடைய முடியாது. எனவே, கருவி முறுக்கேறுவதாகத் தோன்றினால் மேலும் விசை கொடுக்காமல் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே நல்லது.

பாதுகாப்பு

துளையிடும்போதும் தட்டும்போதும் கண்ணாடி அணிய வேண்டும். மின்கருவிகளில் இணைப்பைத் துண்டித்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஊடுருவும் எண்ணெய்கள் பல தீப்பற்றக்கூடியவை. அவற்றை இட்ட இடத்திலும், பெட்ரோல் தொட்டி, மின்கலம் ஆகியவற்றின் அருகிலும் சூடேற்றக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள திருகாணிகளை மிகுதியாகச் சூடாக்கினால் எழும் புகை உடல்நலத்திற்குத் தீங்கானது.

கழற்றிய பின் தேய்ந்த திருகாணியை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் பூட்ட வேண்டும். உலோகத்தில் பூட்டும்போது மரையில் சிறிதளவு கிரீஸ் தடவினால் துருவும் அரிப்பும் குறைந்து, அடுத்த முறை எளிதில் கழலும்.