நிழலில் மலரும் தேரை லில்லி

டார்ஜிலிங், ஷில்லாங், காங்டாக் முதலிய மலைநகரங்களில் உத்தியோக நிமித்தமாகக் குடியேறியுள்ள நம்மவருக்குக் கிட்டும் வீடுகள் பெரும்பாலும் சரிவை ஒட்டியவை. வீட்டின் முன்புறத்தில் வெயில் படும். அங்கு டாலியாவும் ரோஜாவும் எளிதில் வளர்ந்துவிடும். பின்புறமோ மலைச்சரிவின் நிழலும் மரநிழலும் சேர்ந்து இருண்டு கிடக்கும். பாசியைத் தவிர அங்கு வேறொன்றும் வளராது என்று அவ்விடத்தைக் கைவிட்டுவிடுவதே வழக்கம். அத்தகைய இடத்தையே விரும்பும் ஒரு மலர்ச்செடியைப் பற்றி ஈண்டு எடுத்துரைப்போம்.

ஆங்கிலத்தில் இதனை 'டோட் லில்லி' என்பர். டோட் என்பது தேரை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் 'தேரை அல்லி' என்று பெயரிட்டிருக்கலாம். ஆயின் அல்லி என்றதும் தமிழர் மனம் குளக்கரைக்குச் சென்றுவிடும். எனவே லில்லி என்னும் சொல்லை அவ்வாறே வைத்துக்கொண்டோம். வெண்மையான அல்லது இளஊதா நிறமான இதழ்களின்மீது கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் அமைந்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். அழகிய மலருக்கு இது அத்தனை பொருத்தமான பெயரன்று. ஜப்பானியர் இவ்விஷயத்தில் ரசனை மிக்கவர். மார்பில் வரிகளையுடைய ஒரு சிறுகுயிலின் பெயரையே மலருக்கும் இட்டு 'ஹொதொதொகிசு' என வழங்குகின்றனர்.

இம்மலர் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. இதன் இனங்கள் இமயம் முதல் ஜப்பான் வரை பரவியுள்ளன. நேபாளம், சிக்கிம், பூட்டான் மலைக்காடுகளில் ஓர் இனம் தானாகவே வளர்கிறது. கல்கத்தாவை அடுத்த சிபுர் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த வாலிக் என்பார் நேபாளச் செடிகளை ஆராய்ந்து, 1826-ஆம் ஆண்டில் 'டிரைசிர்டிஸ்' என்னும் பெயரை இப்பேரினத்துக்குச் சூட்டினார். 'மூன்று புடைப்புகள்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. மலரின் ஆறு இதழ்களுள் வெளிப்புற மூன்றின் அடியிலும் தேன் தங்கும் சிறு பைகள் புடைத்து நிற்பதைக் காணலாம்.

தோட்டங்களில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஜப்பானிய இனமாகிய 'ஹிர்டா'. இது இரண்டு அல்லது மூன்று அடி உயரம் வளரும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், ஏனைய செடிகள் ஓய்ந்துவரும் பருவத்தில், இலைக்கணுக்களில் பூக்கும். மலரின் அகலம் ஓர் அங்குலமே. தொலைவிலிருந்து நோக்கினால் ஒன்றும் புலப்படாது. ஆகையால் தோட்டத்தின் கோடியில் இதனை நடுவது வீண். பின்வாசற்படியின் ஓரத்திலோ, நாள்தோறும் நடக்கும் பாதையின் அருகிலோ நட வேண்டும்.

நிழற்செடி என்றதும் எந்த நிழலிலும் வளரும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. செடிக்கு வேண்டியது நிழல் மட்டுமன்று, அந்நிழல் காக்கும் ஈரம். டார்ஜிலிங் பக்கத்தில் 'துபி' என வழங்கும் பெருமரத்தின் அடியில் நிழல் உண்டு. ஆனால் மரத்தின் வேர்கள் நீரை உறிஞ்சிவிடும். அங்கு நட்ட தேரை லில்லி இலைநுனி கருகி நலியும். சுவரின் வடபுறமோ, காலை வெயில் இரண்டு மணி நேரம் மட்டும் படும் கிழக்குப் புறமோ சிறந்தது. தோட்ட மண்ணுடன் மக்கிய இலையுரத்தைத் தாராளமாகக் கலந்து, மழைநீர் தேங்காதவாறு பாத்தியைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டு அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுக.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வானமே நீர் வார்த்துவிடும், நமக்கு வேலையில்லை. மழை விலகுவது அக்டோபரில். மொட்டுகள் விரிவதும் அப்பொழுதே. மழைக்காலத்தில் பழகிவிட்ட சோம்பலால் அம்மாதத்தில் நீர் ஊற்றாது விட்டால், பத்து மாதம் பேணிய செடி பூக்கும் வேளையில் வாடும். அடுக்களையில் அரிசி களைந்த நீரேனும் நாள்தோறும் ஊற்றிவருதல் நலம்.

செடியின் பெரும்பகை நத்தையும் ஓடில்லா நத்தையும். வசந்தத்தில் தோன்றும் இளந்தளிரை அவை தின்றுவிட்டால் அவ்வாண்டுப் பூவுக்குக் கேடு. இரவில் கைவிளக்குடன் சென்று பொறுக்கி அப்புறப்படுத்துவதைவிட எளிய வழி வேறில்லை.

டில்லி, நாகபுரி போன்ற சமவெளி நகரங்களில் வாழும் நேயர்கள் இதற்கெனப் பணம் செலவிட வேண்டாம். மே மாதத்து அனற்காற்றை இச்செடி தாங்காது. அவர்கள் நிழற்பகுதியில் கலேடியம் வளர்த்து மகிழலாம். மலைநகரத்தார் கலிம்போங் நாற்றுப் பண்ணைகளில் விசாரிக்கலாம். காட்டில் தானே வளரும் செடியைப் பெயர்த்தெடுப்பது தகாது.

குளிர்காலத்தில் தண்டுகள் பட்டு, நிலத்துக்குமேல் ஒன்றுமே தெரியாது. செடி செத்ததென்று கருதிப் பாத்தியைக் கொத்திவிடுதல் கூடாது. இடத்தைக் காட்ட ஒரு குச்சி நட்டு வையுங்கள். இஞ்சியைப் போல் மண்ணுக்குள் படர்ந்த அதன் தண்டு உயிருடன் உறங்குகிறது. மார்ச்சில் முளை தலைகாட்டும்போது அதைத் தோண்டிப் பிரித்தால், ஒரு செடி மூன்று நான்காகும். அவ்வமயம் வேறொரு மலைநகரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டாலும் கவலையில்லை: ஒரு துண்டை ஈரப்பாசியில் சுற்றி, துணிப்பையில் இட்டு உடன் எடுத்துச் செல்லலாம், எஞ்சியதை அடுத்து அவ்வீட்டுக்கு வருவோருக்கென விட்டுவைக்கலாம்.