ஒரு நகரம், ஒரு நூல்

ஒரு நகரத்து மக்கள் யாவரும் ஒரே காலத்தில் ஒரே நூலை வாசித்தால் என்ன நிகழும்? 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகரில் இவ்வினா எழுந்தது. எழுப்பியவர் அந்நகரப் பொது நூல்நிலையத்தைச் சேர்ந்த நான்சி பேர்ள் என்னும் நூலகர். கேட்டதோடு அமையாது, அறநிதியம் ஒன்றின் பொருளுதவி பெற்று அதனைச் செயலிலும் காட்டினார்.

அவர் முதலில் தெரிந்தெடுத்த நூல் எளிதான ஒன்றன்று. றசல் பாங்க்ஸ் 1991இல் எழுதிய ‘த சுவீற் ஹியராஃப்ரர்’ என்னும் நாவல் அது. பனி மூடிய சிற்றூர் ஒன்றில் பாடசாலைப் பேருந்து விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் பலர் மாள்கின்றனர். வெளியூரிலிருந்து வழக்கறிஞர் ஒருவர் வந்து, யார்மீதாவது வழக்குத் தொடருமாறு பெற்றோரைத் தூண்டுகிறார். நால்வர் வாய்மொழியாக நடக்கும் இக்கதையில், துயரம் ஓர் ஊரை ஒன்றுசேர்க்குமா, பிரிக்குமா என்பதே கேள்வி. விடையை ஆசிரியர் நம் கையில் தருவதில்லை. கூடியிருந்து பேசுவதற்கென்றே எழுதப்பட்டதோ என எண்ணத் தோன்றும் நூல். விழாவுக்கு இனிப்பு வழங்குவதுபோல இனிய நூல் ஒன்றைப் பேர்ள் வழங்கியிருக்கலாம், வழங்கவில்லை. இம்முயற்சி நிலைத்தமைக்கு இத்துணிவே முதற் காரணம் என்பது என் எண்ணம்.

மூன்றாண்டு கழித்து, 2001ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், சிக்காகோ நகரம் இதனைப் பெருமளவில் மேற்கொண்டது. அங்கு தெரிவான நூல் ஹாப்பர் லீயின் ‘ரு கில் ஏ மொக்கிங்பேர்ட்’. 1960இல் வெளிவந்து அடுத்த ஆண்டே புலிற்சர் பரிசு பெற்றது. செய்யாத குற்றத்துக்காகக் கறுப்பினத்தவர் ஒருவர் நீதிமன்றில் நிறுத்தப்படுவதை ஒரு சிறுமியின் கண்வழி காட்டுவது. நகரின் கிளை நூல்நிலையங்களிலெல்லாம் பிரதிகள் குவிக்கப்பட்டன. வாசிப்போர் சட்டையிற் குத்திக்கொள்ளச் சின்னம் ஒன்றும் வழங்கப்பட்டது. அதனை அணிந்தவரைக் கண்டால், முன்பின் அறியாதவரும் நூலைப்பற்றிப் பேச்சுத் தொடங்கலாம் என்பது ஏற்பாடு. நாவலில் வரும் வழக்கு விசாரணையைச் சட்டத்தரணிகள் நடித்துக் காட்டினர். பெருநகரங்களிலே பேருந்தில் அருகருகே அமர்ந்தும் வாய்திறவாது செல்லும் மாந்தருக்கு, பேச்சைத் தொடங்க ஒரு நூல் சாட்டாக அமைந்தது.

எனினும் எல்லா இடத்தும் இது இனிது முடிந்தது என்று கூறுவதற்கில்லை. 2002இல் நியூயோர்க் நகரினர் தமக்கொரு நூல் தேடப் புகுந்து இரு பிரிவாயினர். ஒரு சாரார் சாங்-றே லீயின் ‘நேற்றிவ் ஸ்பீக்கர்’ என்றனர். மறுசாரார் ஜேம்ஸ் மக்பிறைட் தம் தாயைப்பற்றி எழுதிய ‘த கலர் ஒவ் வோட்டர்’ என்றனர். முன்னதைக் கொரியர் விரும்பமாட்டார் என்று ஓர் ஐயம். பின்னதைப் பழைமை பேணும் யூதர் விரும்பமாட்டார் என்று மற்றோர் ஐயம். ஈற்றில் நகரம் முழுவதற்குமான ஒரு நூல் வாய்க்கவேயில்லை. ஹரல்ட் புளூம் என்னும் பெயர்பெற்ற விமரிசகரோ இம்முயற்சியையே எள்ளினார். எல்லாரும் ஒரே வேளையில் ஒரே பண்டத்தை உண்ணப் புறப்படுவதற்கு இதனை ஒப்பிட்டார். வாசிப்பு தனிமையில் நிகழ்வது என்பது அவர் கட்சி.

புளூமின் கூற்றை எளிதில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் அவரல்லர், நம்மவர் ஒருவர். சீர்காழியிலே 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்பாட்டுக்கு உரியது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனவனுக்கு ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. அதனைத் திருப்பி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகனைத் தேடித்தருதல் வேண்டும் என்பது மூன்றாவது. 1954இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவானபோது அதற்கு ஆலோசகராய் இருந்தவரும் இவரே. அங்கு அடுக்கப்பட்ட நூல்கள் 1981இல் தீக்கிரையானதை நம் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவனவனுக்கு ஏற்ற நூல் என்று இரங்கநாதன் கூறியிருக்க, அனைவருக்கும் ஒரே நூல் என்பது எங்ஙனம் பொருந்தும்? இதனை நான் பலகாலும் எண்ணியதுண்டு. வகுப்பறையில் நிற்கும் எவரும் எண்ணாதிருக்க முடியாது. பரீட்சைக்கென விதிக்கப்படும் இலக்கிய நூலும் அனைவருக்கும் ஒரே நூல்தானே? நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான மாணவர் அதே ஆண்டில் அதே பக்கங்களைப் புரட்டுகின்றனர். ஆயினும் அவர்களுள் ஒருவன் மற்றொருவனைப் பேருந்து நிலையத்திற் கண்டு அந்நூலைப்பற்றி உரையாடியதாக நான் கேட்டதில்லை. வினாவும் விடையும் முன்னரே அச்சாகிக் கைக்கு வந்துவிடுகின்றன. பேச என்ன எஞ்சும்?

சியாற்றில் முயற்சி இதனின்றும் வேறுபடும் இடம் ஒன்றே. அங்கு நூலை முடிக்காமல் விட வாசகனுக்கு உரிமையுண்டு. பேர்ள் அம்மையாரே இவ்வுரிமைக்கு ஓர் அளவும் கூறியுள்ளார். எந்த நூலுக்கும் ஐம்பது பக்கம் இடங்கொடுங்கள். அதன்பின்னும் மனம் பற்றாவிடில் மூடிவிடுங்கள் என்பார். ஐம்பது வயதைக் கடந்தோர் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, எஞ்சும் பக்கங்களை மட்டும் வாசித்தாற் போதுமாம். அறுபது வயதினருக்கு நாற்பது பக்கம், எண்பதுக்கு இருபது. முதுமைக்கு இத்தகைய சலுகை வேறெங்கும் கிட்டுவதாகத் தெரியவில்லை!

அவர் கூறும் மற்றொன்று ஆசிரியருக்கு இதனினும் பயன்படும். நூலுக்குள் நுழைய நான்கு வாயில்கள் உண்டு: கதை, பாத்திரம், களம், மொழி. ஒருவன் கதைக்காக வாசிப்பான். ஒருத்தி மொழிக்காக வாசிப்பாள். ஒருவருக்குப் பிடித்த நூல் எது என்று கேட்பதிலும், அதில் எவ்வாயிலால் நுழைந்தார் என்று அறிவதே அடுத்த நூலைப் பரிந்துரைக்க வழி. ‘இது நல்ல நூல், வாசி’ என்று மாணவன் கையில் திணிக்கும் வழக்கத்தை விட்டு, ‘அந்நூலில் உனக்குப் பிடித்தது என்ன?’ என்று கேட்கத் தொடங்கிய பின்னரே என் மாணவர் சிலர் இரண்டாவது நூலுக்காகத் திரும்பி வந்தனர். சியாற்றில் நூல்நிலையம் வாசகர் தம் விருப்பத்தை எழுதித்தர, அவரவர்க்கென ஐந்து நூல்களை நூலகர் தெரிந்து பரிந்துரைக்கும் சேவையையும் நடத்தியது. ஊருக்கு ஒரு நூலும் ஆளுக்கு ஐந்து நூலும் ஒரே கூரையின்கீழ் இணங்கின. இரங்கநாதனும் இதற்கு முகஞ்சுளித்திருக்கமாட்டார்.

நம் முன்னோர்க்கும் இது முற்றிலும் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் மரபு நெடுநாளையது. ஒருவர் பாட்டை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பார். எழுத்தறியாதாரும் இருந்து கேட்பர். எங்கேனும் உரை பிசகினால் அவையிலிருக்கும் முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார். ஊர் ஒன்று நூல் ஒன்றை ஆண்டுதோறும் சேர்ந்து வாசித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆனால் அங்கு நூல் மாறுவதில்லை; சியாற்றிலில் ஒவ்வொரு முறையும் புதுநூல் வருகிறது. யாருடைய கதையை ஊர் கேட்கப்போகிறது என்பதும் அதனுடன் மாறுகிறது. 2006இல் ஈரானியப் பெண்மணி மர்ஜான் சத்ரபியின் சித்திரக்கதையான ‘பெர்செபோலிஸ்’, 2007இல் ஜும்பா லாகிரியின் வங்காளக் குடும்பக் கதையான ‘த நேம்சேக்’ எனச் சென்றது அவ்வரிசை.

அவ்வரிசையிலிருந்து ஒன்றை நம் இலக்கிய வட்டங்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். யூலி ஒற்சுக்காவின் ‘வென் த எம்பரர் வோஸ் டிவைன்’. 2002இல் வெளிவந்த சிறு நாவல். 1942இல் அமெரிக்க அரசு தன் நாட்டிலேயே வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அவ்வாறு அகற்றப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை இது. தாய், மகள், மகன், தந்தை எனப்படுவரேயன்றி எவருக்கும் பெயரில்லை. தாய் சுவரொட்டியைப் படிக்கிறாள். வீடு திரும்பிப் பொருள்களைக் கட்டத் தொடங்குகிறாள். கூக்குரல் ஒன்றும் எழாமலே நெஞ்சு கனக்கிறது. சியாற்றிலுக்கு எதிரேயுள்ள பெயின்பிறிட்ஜ் தீவின் ஜப்பானிய வழியினரே அன்று முதன்முதல் வெளியேற்றப்பட்டவர். ஆகவே அந்நகர் இந்நூலை எடுத்தபோது அயலவர் கதையை வாசிக்கவில்லை. கட்டிய மூட்டையோடு வீட்டைப் பூட்டிப் புறப்பட்டதை நம்மிற் பலரும் அறிவர்; நமக்கும் அது அயலார் கதையாகப் படாது.

இன்னொரு நூல், அயர்லாந்திலிருந்து. டப்ளின் நகர நூல்நிலையங்கள் 2006 முதல் ஏப்ரல் மாதந்தோறும் இத்தகைய பொதுவாசிப்பை நடத்தி வந்துள்ளன. 2012இல் அவை எடுத்துக்கொண்டது ஜேம்ஸ் ஜோய்சின் ‘டப்ளினர்ஸ்’. பதினைந்து சிறுகதைகள், சிறுகதை எழுத விழையும் இளைஞர் எவரும் தவிர்க்கவியலாத தொகுதி. தம் ஊரை இழிவாய்க் காட்டுகிறதென்று அஞ்சிய டப்ளின் அச்சகத்தார் ஒருவர் 1912இல் அச்சிட்ட தாள்களையே அழித்துவிட்டார். நூல் இரண்டாண்டு கழித்து இலண்டனில்தான் வெளிவந்தது. அச்சான தாள்கள் அழிக்கப்பட்டுச் சரியாக நூறாண்டு சென்றபின், அதே நகரின் நூல்நிலையங்கள் தம் மக்கள் அனைவரையும் வாசிக்குமாறு அழைத்தது அந்த நூலைத்தான்.