டயருக்குக் காற்றே போதும், கேஸ் வேண்டாம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கம் தீவின் வாழைத் தோட்டங்களிலிருந்து திருச்சிக்குத் தாரும் இலையும் டிராக்டர் டிரெய்லரிலும் சிறு வண்டிகளிலும் செல்கின்றன. தார் வெட்டி ஏற்றிய நேரத்தில் டயரில் காற்று இறங்கிவிட்டால் பஞ்சர் கடை பக்கத்தில் இராது. கைக்கு எட்டுவது வீட்டிலுள்ள சமையல் கேஸ் சிலிண்டர். அல்லது வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டர். திருவெறும்பூர் பெல் ஆலையைச் சுற்றிப் பட்டறைகள் பெருகிய திருச்சி வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இவற்றில் எதையும் அவசரத்துக்குக்கூட டயரில் ஏற்றக் கூடாது.

சமையல் கேஸ்: சிலிண்டரின் அழுத்தம் டிராக்டர் டயருக்கு வேண்டியதைவிட அதிகம். ஆகவே டயர் உப்பும், வண்டியும் ஓடும். ஆபத்து பிறகுதான் வரும். காற்றில் நூற்றுக்கு 2 முதல் 9 பங்கு வரை இந்தக் கேஸ் கலந்திருந்தால் தீப்பற்ற ஒரு பொறி போதும். இது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். விவரம் அறியாத பஞ்சர் கடைக்காரர் வால்வைக் கழற்றிவிட்டு, சூடு வைத்து ஒட்டுப் போடத் தொடங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து.

ஆக்சிஜன்: இது தானாக எரியாது, மற்றவற்றை மூர்க்கமாக எரிய வைக்கும். எண்ணெயும் கிரீஸும் இதனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். மேலும், நிரம்பிய சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் உண்டு. டிராக்டரின் பின் டயருக்குச் சுமார் 1 கிலோவே போதும். சிலிண்டரை நேராகத் திறந்துவிட்டால் டயர் வெடித்து ரிம் பறக்கும்.

நைட்ரஜன்: சில பெட்ரோல் பங்குகளில் ஏற்றப்படும் இதனால் தீ ஆபத்து இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 பங்கு நைட்ரஜன்தான். விமான டயருக்கு இது அவசியம். 1986 மார்ச் 31-ல் மெக்சிகோவில் ஒரு விமானத்தின் டயரில் நைட்ரஜனுக்குப் பதில் காற்று அடிக்கப்பட்டிருந்தது. பிரேக் சூடேறி டயர் வெடித்ததில் விமானம் விழுந்து 167 பேர் மாண்டனர். உழவு டிராக்டரின் டயர் அவ்வளவு சூடேறுவதில்லை. அதற்குச் சாதாரணக் காற்றே போதும். நைட்ரஜனுக்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ரிம்மில் வெல்டிங்: ரிம் விரிசல் கண்டால், டயரை முழுவதும் கழற்றிய பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். காற்றை மட்டும் இறக்கினால் போதாது. சூட்டில் ரப்பர் வெந்து, அதிலிருந்து கிளம்பும் வாயு உள்ளே அடைபட்டுத் தீப்பற்றி டயரை வெடிக்கச் செய்யும்.

முன்பே யாராவது கேஸ் ஏற்றியிருந்தால், வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஜாக்கி வைத்துத் தூக்கிய பின் வால்வைத் திறந்துவிட வேண்டும். அருகில் அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. பிறகு டயரைக் கழற்றிக் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். டயரைக் கடைக்குக் கொண்டு போகிறவர், உள்ளே இருந்தது கேஸ் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

காலால் மிதிக்கும் பம்பு ஒன்றும், அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றும் வண்டியோடு இருந்தால் கேஸைத் தேட வேண்டிய நிலையே வராது. காலையில் டயர் சூடேறுமுன் அளந்து, டிராக்டர் கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்குக் காற்று வைத்துக்கொள்வது நல்லது. டயரும் நீடித்து உழைக்கும்.